நிதானமும் விரைவும்

சாலை ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்த மறுநாளே முழுத் தூரமும் ஓட முயல்வதும், மிரளும் பூனையைத் துரத்திப் பிடித்துக் கொஞ்ச நினைப்பதும் ஒரே தவறுதான்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடங்கள். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடுங்கள். இதய நோயோ நீரிழிவோ இருப்பின், மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குங்கள்.

பூனையிடமிருந்து சற்றுத் தள்ளித் தரையில் அமருங்கள், உற்றுப் பார்க்காதீர்கள், அதுவே நெருங்கி முகரட்டும்.

இரண்டில் மட்டும் பொறுமை ஆகாது. ஓடும்போது நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு வாருங்கள். பூனை கடித்தாலோ கீறினாலோ சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்கு வாருங்கள். ரேபிஸ் பூனையாலும் பரவும்.