உண்பவன் அறிய வேண்டாவா?

உணவு, வணிகச் சரக்குகளுள் ஒன்றன்று, உயிரோடு ஒன்றிவிடுவது. கிழிந்த ஆடையைக் களையலாம். பழுதுற்ற பொறியை மாற்றலாம். வயிற்றுட் புகுந்த நஞ்சை மீட்பார் யார்? தன்னூர் வயலில் விளைந்ததை உண்டவன், விளைத்தவன் முகத்தை அறிந்திருந்தான். இன்றோ, முகமறியா உழவனும் பெயரறியா ஆலையும் ஆக்கிய உணவு கப்பலேறி வந்து கடைத்தெருவில் நிற்கின்றது. அதனை வாங்கி உண்பவனுக்கு இருக்கும் காவல் இரண்டே. ஒன்று, அரசின் ஆய்வு; மற்றொன்று, உறைமேல் உள்ள எழுத்து. முன்னது ஓட்டையுடையது, பின்னதோ தமிழனுக்கு இல்லவே இல்லை!

2008-ஆம் ஆண்டிற் சீன நாட்டில் நிகழ்ந்த கொடுமை மறக்கத் தக்கதன்று. ஆங்குப் பாலில் நீரைக் கலந்தனர். பாலின் புரதம் குறைந்தது. ஆனால், வழக்கிலிருந்த ஆய்வுமுறை புரதத்தை நேரே அளப்பதன்று. நைட்ரசன் எனப்படும் வெடியத்தை அளந்து, அதைக்கொண்டு புரதத்தைக் கணிப்பது. இதனை அறிந்த கயவர், தட்டும் பலகையும் செய்ய உதவும் மெலமின் என்னும் வேதிப்பொருளைப் பாலிற் கலந்தனர். மெலமினின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெடியமே. ஆய்வுக் கருவி ஏமாந்தது. குழந்தைகளின் சிறுநீரகம் ஏமாறவில்லை. அதிற் கல் விளைந்தது. ஏறத்தாழ 3 இலக்கம் குழந்தைகள் நோயுற்றன. அந்நாட்டரசு ஒப்பிய கணக்கின்படியே 6 குழந்தைகள் மாண்டன.

இஃது எச்சரிக்கையின்றி வந்த இடியா? அன்று. 2007-ஆம் ஆண்டிலேயே, சீனத்திலிருந்து சென்ற கோதுமைப் பசையில் இதே மெலமின் கலந்திருந்தது. அதனாற் செய்த தீனியைத் தின்று அமெரிக்காவில் வளர்ப்பு நாய்களும் பூனைகளும் மடிந்தன. நாய்த்தீனியிற் கண்ட நஞ்சைக் குழந்தையின் பாலில் தேடுவார் இல்லை. சான்லு என்னும் பால்மாவு நிறுமம், தன் சரக்கில் நஞ்சுண்டென்பதை 2008 ஆகசுட்டுத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. அதில் 43 விழுக்காட்டுப் பங்கு கொண்டிருந்த நியூசிலாந்து நிறுமமும் அறிந்தது. ஆனால், பெய்சிங்கில் ஒலிம்பிக்கு விளையாட்டுகள் தொடங்கும் வேளை அது! நியூசிலாந்து அரசு சீன நடுவணரசுக்கு நேரே உரைத்த பின்னரே, செப்டம்பர் 11-இல் மக்களுக்கு உண்மை சொல்லப்பட்டது. இடைப்பட்ட கிழமைகளில் அறிந்தவர் வாய்மூடியிருந்தனர். அறியாத தாயர் ஊட்டிக்கொண்டிருந்தனர். அச் சான்லுவின் சரக்கிற்கு அரசு ஆய்விலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டிருந்தது என்பது கொடுமையினுங் கொடுமை!

"தீய சரக்கைச் சந்தையே தள்ளிவிடும், அரசு குறுக்கிட வேண்டா" என்று முழங்குவோர் இதற்கு என்ன விடை கூறுவர்? தள்ளுவதற்கு முன் அறிதல் வேண்டும். அறியவிடாமல் மறைத்துவிட்டு, "விரும்பினால் வாங்கு, விரும்பாவிடின் விடு" என்பது உரிமையா, ஏய்ப்பா?

உலக வணிக உடன்படிக்கைகளும் உண்பவன் பக்கம் முழுதும் நிற்பவையல்ல. உணவு, கால்நடை, பயிர் நலங்காக்கும் நெறிகள் பற்றிய உடன்படிக்கை 1995 சனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. தன் மக்களைக் காக்கும் உரிமை ஒவ்வோர் அரசுக்கும் உண்டென்று அது கூறுகின்றது. ஆயினும், உலகப் பொதுத்தரத்தினும் கடுமையான தடை விதிக்கும் நாடு, அதற்கு அறிவியற் சான்று காட்ட வேண்டும் என்றும் கட்டளையிடுகின்றது. அஃதாவது, தீங்கில்லை என்று விற்பவன் மெய்ப்பிப்பதன்று. தீங்குண்டு என்று வாங்குபவன் மெய்ப்பிப்பது! வளர்ச்சியூக்கி ஏற்றிய மாட்டிறைச்சியை ஐரோப்பிய நாடுகள் தடுத்தன. போதிய இடர்மதிப்பீடு இல்லையென்று 1998-இல் அவற்றிற்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. 1999-இல் ஆண்டுக்கு 11 கோடியே 68 இலக்கம் தாலர் அளவிற்கு எதிர்நடவடிக்கை எடுக்க அமெரிக்காவிற்கு இசைவளிக்கப்பட்டது. ஐரோப்பியர் அதனைத் தாங்கியும் தடையை விடவில்லை. செல்வமுடையவன் தாங்குவான், இல்லாதவன் என் செய்வான்?

இந்திய அரசு 2008 செப்டம்பரிற் சீனப் பாற்பொருள்களைத் தடுத்தது, அது நன்றே. ஆனால், அத்தடை நெடுகிலும் நீட்டிக்கப்பட்டு வந்து, 2019-இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டபோது சொல்லப்பட்ட வரம்பு யாது? துறைமுக ஆய்வகங்கள் மெலமினைக் கண்டறியும் ஆற்றல் பெறும் வரை என்பது! பதினோர் ஆண்டுகள் கழிந்தும் கண்டறியும் ஆற்றல் நிரம்பவில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? தடை பூட்டுப் போன்றது, ஆய்வகமே கண். கண்ணில்லாக் காவலன் பூட்டை மட்டும் இறுகப் பற்றி என்ன பயன்?

இனி, உறையெழுத்தைக் காண்போம். 2020-ஆம் ஆண்டின் உறைவிதிகள் என்ன கூறுகின்றன? உணவு பற்றிய செய்திகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிறமொழி வேண்டுமாயிற் கூடுதலாக இடலாம். இந்திக்குக் கட்டாயத்தில் இடம். தமிழுக்கோ வணிகனின் விருப்பத்தில் இடம்! நிலக்கடலை, பால், முட்டை, மீன் முதலாக ஒவ்வாமை தரும் எட்டு வகைப் பொருள்களை உறையிற் குறிக்க வேண்டும் என்று அவ்விதியே கூறுகின்றது. நிலக்கடலை ஒவ்வாத குழந்தைக்கு அயல்நாட்டு இனியத்தை வாங்கும் சிற்றூர்த் தாய், அவ்வெச்சரிக்கையை எம்மொழியிற் படிப்பாள்? படிக்கவியலா எச்சரிக்கை, எழுதப்படாத எச்சரிக்கையே.

"அயல்நாட்டான் தமிழில் அச்சிடுவானா? செலவு மிகாதா?" என்பர். இறக்குமதியாளனின் பெயரும் உரிம எண்ணும் தாங்கிய ஒட்டுத்தாள் இங்குத்தானே ஒட்டப்படுகின்றது! அத்தாளில் நான்கு வரி தமிழ் சேர்த்தால் கப்பல் கவிழ்ந்துவிடுமா? ஏறத்தாழ 14 இலக்கம் மக்களே வாழும் எசுத்தோனியாவில் விற்கும் உணவிற்கு எசுத்தோனிய மொழியிற் செய்தி தர வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 7 கோடியே 21 இலக்கம் மக்களைக் கொண்ட தமிழ்நாட்டில் மட்டும் அது முடியாதாம்!

ஆகவே கேட்க வேண்டுவன மூன்று. சரக்கிறங்கும் துறைமுகந்தோறும் முழுத்திறன் ஆய்வகம் வேண்டும். தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவன் தலையிலேயே இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் விற்கும் உணவுறை ஒவ்வொன்றிலும் தமிழ் கட்டாயமாதல் வேண்டும். இவை சலுகைகள் அல்ல, உண்பவனின் உரிமைகள். இன்னது உண்கின்றோம் என அறியாமல் உண்பது கட்டுத்தறி மாட்டின் நிலை. அந்நிலையிலா தமிழர் இருத்தல்? சட்டமியற்றுவோர் விடை கூறட்டும்! கூறும்வரை, தமிழர் கடைதோறும் உறையைத் திருப்பி, "எங்கே தமிழ்?" என்று கேட்பாராக!