சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

1954 ஜனவரி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர்கள் சிலர் உல்லாசப் பயணம் சென்ற வண்டி கவிழ்ந்தது. அதில் இருந்த மேரி வர்கீஸுக்கு வயது 28. கேரளத்தின் செராயில் பிறந்தவர். பெண்கள் மருத்துவத்தில் நிபுணராகத் தயாராகிக்கொண்டிருந்தார். விபத்தில் முகம் சிதைந்தது. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனது.

அன்றைய இந்தியாவில் இப்படிப்பட்டவர்களுக்குக் காத்திருந்தது என்ன? படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, சீக்கிரமே மரணம். பிழைத்தால் வீட்டில் ஒரு மூலை. டாக்டரான மேரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாற்று யோசனை சொன்னவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை வேலூரில் உருவாக்கியவர். இயங்கும் தசையின் நாணைத் திசைமாற்றி, செயலிழந்த விரல்களோடு இணைப்பது அவரது முறை. கையில் செய்யும் சிகிச்சை என்பதால் சர்ஜன் நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்தே செய்யலாம். மேரி கற்றுக்கொண்டார், சக்கர நாற்காலியிலிருந்தபடியே கத்தியைப் பிடித்தார். ‘இனி என் வாழ்வு அவ்வளவுதான்’ என்றிருந்த தொழுநோயாளிகளுக்கு, தங்களைவிட மோசமான நிலையில் இருந்த டாக்டரைப் பார்த்ததே பாதி மருந்து.

மேரி ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். சுகமளிக்கும் கூட்டங்களின் மேடைகளில் விசுவாசத்துக்குச் சாட்சி, தூக்கி எறியப்படும் ஊன்றுகோல்தான். மேரியின் கால்களோ கடைசிவரை திரும்பவில்லை. விவிலியத்தில் பவுலும் தன் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, அவர் ஊழியமும் நிற்கவில்லை. மேரியின் விசுவாசம் இந்த ரகம். கேட்டது கிடைக்கும் என்பதல்ல, மிச்சமிருப்பது போதும் என்பதே அதன் உறுதி.

அந்த உறுதி அவரை ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் நியூயார்க்குக்கும் கொண்டுசென்றது. உடல் ஊனமுற்றோர் மறுவாழ்வு மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிச் சிகிச்சை பெறவும், தானே உடுத்த, நகர, தொழில் செய்யப் பழகவும் இடம் கிடைத்தது. 1972இல் பத்மஸ்ரீ, 1986இல் மரணம்.

இதை ஒரு தனிமனிதரின் மன உறுதிக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. மேரியை நம்பி ஒரு பிராண்ட் தொழில் கற்றுக்கொடுத்தார். ஒரு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரைத் திறந்துவிட்டது. ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று படுக்கையருகே ஜெபித்துவிட்டுக் கிளம்புபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது. படுத்திருப்பவருக்கு ஆறுதலோடு ஒரு வேலையும் தேவை. அதைக் கொடுப்பதற்கும் விசுவாசம் வேண்டும்.