அட்டையில் யார் பெயர்?



'பாட்டி கதை' என்று நம் மொழியில் ஒரு வழக்கு உண்டு. நம்பத்தகாத செய்தி எதையேனும் ஒருவர் சொன்னால், "பாட்டி கதை சொல்லாதே" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம். எண்ணிப் பார்த்தால் இது நன்றி மறந்த பேச்சு. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிர் ஒளிந்திருந்த கதையை நமக்கு முதன்முதலில் சொன்னவர் யார்? நிலாச்சோற்றோடு அதனையும் உருட்டி ஊட்டியவர் பாட்டியன்றோ! வாய்மொழியாக இருந்த வரையில் விந்தைக் கதை பெரும்பாலும் பெண்களின் உடைமையாகவே இருந்து வந்துள்ளது. அது அச்சேறி, அட்டை தாங்கி, விலை குறிக்கப்பெற்றுக் கடைக்கு வந்தபோதுதான், "இதை ஒரு பெண் எழுதியிருக்க முடியுமா? எழுதியிருந்தால் படிக்கத் தகுமா?" என்னும் ஐயங்கள் முளைத்தன. இத்திங்கள் இதைக் குறித்தே உங்களோடு உரையாட விழைகிறோம்.

செருமனி நாட்டுக் கிரிம் சகோதரர்களின் கதைகளை நம் பிள்ளைகளும் அறிவர். 1812-இல் அவற்றின் முதல் தொகுதியும், 1815-இல் இரண்டாம் தொகுதியும் வெளிவந்தன. இரண்டாம் தொகுதிக்குப் பெருந்துணையாக நின்றவர் டோரோத்தேயா ஃபீமன் என்னும் மூதாட்டி. காசல் நகருக்கு அருகிலிருந்த சிற்றூரில் வாழ்ந்த தையற்காரர் ஒருவரின் மனைவி; காய்கறி விற்க நகருக்கு வந்து போனவர். ஏறத்தாழ 40 கதைகள் அவர் வாயிலிருந்து வந்தவை. கிரிம் சகோதரர்கள் நன்றியற்றவர்கள் அல்லர். முன்னுரையிலே அவரைப் போற்றினர். 1819-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவருடைய உருவப்படத்தையும் சேர்த்தனர். ஆயினும் இன்று அந்த அம்மையாரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை சொன்னவளுக்கு நேர்ந்தது மறதி. கதை எழுதியவளுக்கு நேர்ந்ததோ வேறு. 1816-ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில், 18 வயது நிரம்பிய மேரி என்னும் இளமங்கை ஒரு கதையைத் தொடங்கினார். உயிரற்ற உடற்கூறுகளை இணைத்து, அதற்கு உயிரூட்டிவிட்டு, பின்னர் அதனைக் கண்டு அஞ்சியோடும் ஓர் இளைஞனின் கதை அது. 'ஃபிராங்கென்ஸ்டைன்' என்னும் அந்நூல் 1818 சனவரி முதல் நாளன்று 500 படிகளே அச்சாகி, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதற்கு முன்னுரை வரைந்தவர் அவருடைய கணவரான கவிஞர் ஷெல்லி. புகழ்பெற்ற எழுத்தாளர் வால்டர் ஸ்காட் அதனைப் பாராட்டித் திறனாய்வு எழுதினார். எழுதியவர் கவிஞர் ஷெல்லி என்றே எண்ணிக்கொண்டார். வேறோர் இதழுக்கோ ஆசிரியர் பெண் என்னும் செய்தி எட்டியிருந்தது. பெண் எழுதினாள் என்பது இந்நூலின் குற்றத்தை மிகுவிக்கிறது என்று சொல்லி, மேற்கொண்டு பேசாமலே அது நூலை ஒதுக்கித் தள்ளியது. ஆண் எனக் கருதியவர் ஆற்றலைக் கண்டார். பெண் என அறிந்தவர் அடக்கமின்மையைக் கண்டார். இருவரும் படித்தது ஒரே நூலைத்தான். 1823-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் மேரி ஷெல்லியின் பெயர் அட்டைக்குள் இடம் பெற்றது.

அது பழங்காலம் என்று சொல்லி நீங்கள் அமைதி கொள்ளலாம். ஆகவே நம் வாழ்நாளுக்குள் நடந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம்.

1968-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டிப்ட்ரீ என்னும் புதிய எழுத்தாளரின் அறிவியல் புனைகதைகள் அமெரிக்க இதழ்களில் வெளிவரத் தொடங்கின. துப்பாக்கியும் விமானமும் அரசாங்க அலுவலகங்களின் உள்விவகாரமும் நன்கு அறிந்த கை என்பது எழுத்திலே தெரிந்தது. ஆளை எவரும் கண்டதில்லை. தொலைபேசியில் குரலைக் கேட்டதும் இல்லை. வர்ஜீனியா மாநிலத்து அஞ்சற் பெட்டி ஒன்றே அவருடைய முகவரி. ஆனால் கடிதங்கள் மட்டும் அன்பும் நகைச்சுவையும் ததும்பக் குறைவின்றி வந்துகொண்டிருந்தன. இவர் பெண்ணாக இருக்கலாமோ என்று சிலர் ஐயுற்றனர். 1975-இல் டிப்ட்ரீயின் சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு முன்னுரை எழுதிய இராபர்ட் சில்வர்பெர்க், தாமே சிறந்த எழுத்தாளர், அந்த ஐயம் பொருளற்றது என்று எழுதினார். இந்நடையில் மறுக்கவொண்ணாத ஆண்மை உள்ளது என்பது அவர் தீர்ப்பு. எமிங்வேயின் எழுத்தோடும் ஒப்பிட்டார்.

மறு ஆண்டு அக்டோபரில் டிப்ட்ரீயின் வயது முதிர்ந்த தாயார் காலமானார். அவர் சிக்காகோ நகரத்தவர், ஆப்பிரிக்கக் காடுகளில் பயணம் செய்தவர் என்பதை நண்பர்கள் கடிதங்கள் வழியே அறிந்திருந்தனர். செய்தித்தாளில் வந்த இறப்புச் செய்தியைத் தேடிப் பார்த்தபோது, அந்த அம்மையாருக்கு ஒரே ஒரு பிள்ளை. அதுவும் மகள் என்பது தெரிந்தது. டிப்ட்ரீ என்பவர் ஆலிஸ் ஷெல்டன்! 1915-இல் பிறந்தவர், போர்க்காலத்தில் இராணுவத்தில் பணியாற்றியவர், பின்னர் அமெரிக்க உளவுத்துறையில் சில ஆண்டுகள் இருந்தவர், ஐம்பதை நெருங்கிய வயதில் உளவியல் பயின்று 1967-இல் முனைவர் பட்டம் பெற்றவர். 'டிப்ட்ரீ' என்னும் பெயரை அவர் எடுத்தது ஒரு பழப்பாகுப் போத்தலின் மேலிருந்த முத்திரையிலிருந்து!

சில்வர்பெர்க் தாம் ஏமாந்ததைப் பெருந்தன்மையோடு பின்னர் எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். அவரை நாம் எள்ளி நகையாடத் தேவையில்லை. அவர் மேலோட்டமாகப் படித்தவர் அல்லர், ஊன்றிப் படித்தவர், துறையறிந்தவர். அத்தகையவர் காதிலேயே, அட்டையில் 'ஜேம்ஸ்' என்றிருந்ததால், வரிகளுக்கிடையே ஆண்குரல் ஒலித்தது என்பதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஆலிஸ் ஷெல்டன் 1973-இல் வெளியிட்ட கதை ஒன்றின் தலைப்பை 'ஆண்கள் காணாத பெண்கள்' என்று தமிழில் சொல்லலாம். விமானம் பழுதுற்று மெக்சிக்கோவின் சதுப்பு நிலத்தில் ஒரு தாயும் மகளும் ஓர் ஆணும் சிக்கிக்கொள்ளுகின்றனர். கதையைச் சொல்பவன் அந்த ஆண். அவர்களோடு பயணம் செய்தபோது அவ்விரு பெண்களையும் அவன் ஏறெடுத்துப் பார்த்தவன் அல்லன். அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்பது கடைசி வரையிலும் அவனுக்கு விளங்கவில்லை. இறுதியில் அவர்கள் வேற்றுலகத்தாரோடு பூமியையே விட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் கதை அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் 'நெபுலா' விருதுக்கு முன்மொழியப்பட்டபோது, 1974-இல், அதனைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி ஷெல்டன் கேட்டுக்கொண்டார். பெண்ணின் மனத்தை ஓர் ஆண் இவ்வளவு நுட்பமாக உணர்ந்தாரே என்னும் வியப்பும் அவருக்கு வாக்குகளைத் தேடித் தரக்கூடுமன்றோ? அந்த வியப்புக்கு உரிமையில்லாதவராகத் தம்மைக் கருதினார் போலும். இதைவிட நேர்மையான செயலை எழுத்துலகில் நாம் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

பதிப்பாளர்கள் இதையெல்லாம் வணிகக் கணக்காகவே பார்த்தனர். நூலகராகப் பணியாற்றிய ஆலிஸ் மேரி நார்ட்டன், 1934-இல் தம் பெயரைச் சட்டப்படியே 'ஆண்ட்ரே' என்று மாற்றிக்கொண்டார். தம் வாசகர்கள் சிறுவர்கள், சிறுவர்களோ பெண்பெயர் கண்டால் வாங்கமாட்டார்கள் என்பதே காரணம். 1984-இல் அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் வாழ்நாள் பணிக்காக வழங்கும் மிக உயர்ந்த விருதை முதன்முதல் பெற்ற பெண்மணி அவரே. அப்போதும் அவர் ஆண்ட்ரேதான். 1997-இல் 'ஹாரி பாட்டர்' வரிசையின் முதல் நூலை வெளியிட்ட இலண்டன் நிறுவனம் ஜோன் ரௌலிங்கிடம் அதே அச்சத்தைச் சொல்லி, முதலெழுத்துகளை மட்டும் போடச் செய்தது. அவருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. பாட்டி கேத்லீனின் முதலெழுத்தைக் கடன் வாங்கி 'ஜே.கே.' ஆனார். இடையே 63 ஆண்டுகள் ஓடியிருந்தன. சிறுவரைப் பற்றிய கணக்கு மாறவில்லை. ஆசிரியர் பெண் என்பது வெகுவிரைவில் ஊரறிந்த செய்தியான பின்னும் சிறுவர்கள் அந்நூல்களைக் கீழே வைத்தார்களா? 50 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாயின. (மந்திரக் கதை என்றாலே அஞ்சும் பெற்றோருக்குப் பிறிதொரு முறை தனியே எழுதுவோம்.)

மேடலின் லெங்கிள் தம் பெயரை மறைத்தவர் அல்லர். அவர் நூலில் தடையாக நின்றது கதைத்தலைவி. காணாமற்போன தந்தையைத் தேடி விண்வெளி கடந்து செல்லும் மெக் என்னும் சிறுமியின் கதையை 26 பதிப்பகங்களுக்குக் குறையாமல் திருப்பி அனுப்பின. விண்வெளிக் கதைக்குச் சிறுமி தலைவியாவதா என்பது தாம் சந்தித்த தயக்கங்களுள் ஒன்று என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். 1962-இல் வெளிவந்த அந்நூல் மறு ஆண்டே சிறுவர் இலக்கியத்துக்கான 'நியூபெரி' பதக்கம் பெற்றது. ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடைய லெங்கிள் நியூயார்க்கிலுள்ள ஆங்கிலிக்கன் பேராலயம் ஒன்றில் நூலகராகவும் இருந்தார். மெக் தீமையை வெல்வது வாளால் அன்று; தன் தம்பியின் மேல் கொண்ட அன்பினால். ஆண்பிள்ளைகள் படிக்கக்கூடாத கதையா இது?

நம் பங்கின் படிப்பகத்திலும் சிறுவருக்கென ஓர் அலமாரி உண்டு. ஆர்வமிக்க இளைஞர் ஒருவர் அதனை ஒழுங்குபடுத்தி, மேல் தட்டில் ஆண்பிள்ளைகளுக்கானவை, கீழ்த் தட்டில் பெண்பிள்ளைகளுக்கானவை என்று சீட்டு ஒட்டி வைத்தார். நோக்கம் நல்லதே. நடந்தது என்னவென்றால், பெண்பிள்ளைகள் இரு தட்டுகளிலும் எடுத்துப் படித்தார்கள். ஆண்பிள்ளை ஒருவன்கூடக் கீழ்த் தட்டுக்குக் குனியவில்லை. ஒரு திங்களுக்குப் பின் சீட்டைக் கிழித்துவிட்டு நூல்களைக் கலந்து அடுக்கச் சொன்னோம். "சாமி, என் மகன் பெண்பிள்ளைக் கதையெல்லாம் தொடமாட்டான்" என்று அப்போது ஒருவர் நம்மிடம் பெருமையோடு சொன்னார். சொன்னவர் அவனுடைய தாய்.

இதில் வியப்பதற்கில்லை. 1968-இல் பிலிப் கோல்ட்பெர்க் என்னும் உளவியலாளர், கல்லூரி மாணவியரிடம் சில கட்டுரைகளைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். அதே கட்டுரையில் சிலருக்கு 'ஜான்' என்றும் சிலருக்கு 'ஜோன்' என்றும் ஆசிரியர் பெயர் இடப்பட்டிருந்தது. மதிப்பிட்டவர் அனைவரும் பெண்கள்; ஜானே பொதுவில் மேலானவராகத் தோன்றினார். இதைப் பெரிதாக்கிப் பேசவும் கூடாது. பின்னர் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 1989-ஆம் ஆண்டுக் கட்டுரை, மொத்தத்தில் இந்த வேறுபாடு மிகச் சிறியது என்றே கண்டது. சிறியதுதான், கண்ணில் விழுந்த துரும்பும் சிறியதே.

அந்தத் துரும்பு எழுதுபவர் கண்ணிலும் விழும் என்பதற்கு உர்சுலா லெ குவின் சான்று. 1969-இல் அவர் கதையை வெளியிட்ட ஆண்களுக்கான அமெரிக்க இதழ் ஒன்று, வாசகர்கள் மிரளாதிருக்க 'யு.கே. லெ குவின்' என்று போட இசைவு கேட்டது. இசைந்தார். ஆசிரியர் குறிப்பு வேண்டும் என்றபோது, இவர் எழுத்துகளை உண்மையில் எழுதுபவர் அதே பெயருடைய வேறொருவர் என்பது பொதுவான ஐயம் என்ற பொருள்பட ஒரு வரி எழுதி அனுப்பினார்! இத்தனை கூர்மையுள்ளவர் 1968 முதல் 1972 வரை எழுதிய 'எர்த்சீ' கதைகளில் மந்திரப் பள்ளி ஆண்களுக்கு மட்டுமே உரியது. பெண்களின் வித்தை கிராமத்துக் கைமருத்துவம் போன்ற தாழ்நிலையது. வீரன் என்றால் ஆண் என்னும் மரபைத் தாமும் அறியாமலே ஏற்றிருந்ததைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். 18 ஆண்டுகளுக்குப் பின், 1990-இல், அதே உலகத்துக்குத் திரும்பி, நடுவயதுக் கைம்பெண் ஒருவரையும் தீயில் வெந்த குழந்தை ஒன்றையும் நடுவில் நிறுத்தி 'தெஹானு' என்னும் நாவலை எழுதினார். பழைய வாசகர் சிலர் எங்கள் வீரனைச் சிறுமைப்படுத்திவிட்டாரே என்று குறைபட்டுக்கொண்டனர். அடுப்பும் தொட்டிலும் துணி துவைப்பதும் நிறைந்த அந்நூலே அவ்வரிசையில் சிறந்தது என்பது நம் எண்ணம்.

காலம் மாறாமலும் இல்லை. விந்தைக் கதைகளுக்கு வாசகர்களே வாக்களித்து வழங்கும் 'ஹியூகோ' விருதைச் சிறந்த நாவலுக்காக 2016, 2017, 2018 என மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்றவர் என்.கே. ஜெமிசின் என்னும் கறுப்பினப் பெண்மணி. நம் தமிழகத்திலோ வேடிக்கை தலைகீழாக நடந்தது. பொறியாளர் ரங்கராஜன் தம் மனைவியின் பெயரைப் பூண்டு 'சுஜாதா'வாக அறிவியல் கதைகளை எழுதினார். பெண்பெயர் அவருக்கு ஓர் இடையூறும் செய்யவில்லை. எழுதுபவர் ஆண் என்பதைத்தான் ஊர் அறிந்திருந்ததே!

முதலெழுத்துப் போட்டவரெல்லாம் பெண்மையை மறைக்கவே போட்டனர் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். 1933-இல் முதல் கதையை வெளியிட்ட சி.எல். மூர், அதாவது கேத்தரின் லூசில் மூர், இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு வங்கிப் பணியாளர். வேலையில்லாக் கொடுமை தலைவிரித்தாடிய நாட்கள் அவை. கதை எழுதிப் பணம் ஈட்டுவது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி, வங்கியாரிடமிருந்தே பெயரை மறைத்தார். ஹென்றி கட்னர் என்னும் இளம் எழுத்தாளர் அக்கதைகளில் மனம் பறிகொடுத்து, 1936-இல், 'திருவாளர் மூர் அவர்களுக்கு' என்று பாராட்டுக் கடிதம் வரைந்தார். திருவாளர் அல்லர் என்று மறுமொழி வந்தது. 1940-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அதன்பின் ஒருவர் தட்டச்சுப் பொறியை விட்டு எழுந்தால் மற்றவர் அமர்ந்து தொடர்வார். ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்துகூட. 'லூயிஸ் பேட்ஜெட்' என்னும் ஆண்பெயரில் வந்த அக்கதைகளில் எந்தப் பகுதி யாருடையது என்பதைப் பிற்காலத்தில் அவர்களாலேயே பிரித்துச் சொல்ல இயலவில்லை.