பொறுமை பூட்டிய கதவு

அமெரிக்க நாட்டில் ஜூலைத் திங்கள் 4ஆம் நாள் சுதந்திரத் திருநாள். அந்தி மறைந்து இருள் கவிந்ததும் ஊர்தோறும் வாணவேடிக்கை தொடங்கும். சிறுவர்கள் தெருவில் நின்று கைகொட்டி ஆர்ப்பரிப்பர். அதே தெருவில் ஒரு வீட்டில் மட்டும் சன்னல்கள் யாவும் சாத்தப்பட்டிருக்கும். உள்ளே தொலைக்காட்சி உரத்து ஒலிக்கும். குடும்பத் தலைவர் நிலவறையில் சுவரோடு முதுகை ஒட்டி, வியர்த்து அமர்ந்திருப்பார். அவர் கோழையல்லர்; போர்க்களத்தில் காயமுற்ற தோழனைத் தோளில் சுமந்து வந்தவராகவும் இருக்கலாம். ஆயினும் வெடியோசை செவியில் விழுந்த கணத்தில் அவர் உடல் பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள ஒரு காட்டிற்கோ பாலைவனத்திற்கோ திரும்பிச் சென்றுவிடுகிறது.

சன்னல்களைச் சாத்தியவர் அவருடைய மனைவி. ஒரு வாரத்திற்கு முன்பே ஆயத்தங்களைத் தொடங்கிவிட்டார். பிள்ளைகளைப் பாட்டி வீட்டிற்கு அனுப்பியாயிற்று. விருந்துக்கு அழைத்த அண்டை வீட்டாரிடம் தமக்குத் தலைவலி என்று சொல்லியாயிற்று. சென்ற ஆண்டும் அதே தலைவலிதான்.

இஃது எவரோ ஒருவரின் வாழ்க்கை வரலாறன்று. அந்நாட்டில் போரிலிருந்து மீண்டவர்களின் இல்லங்களிலிருந்து மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட செய்திகளைக் கோத்து நாம் வரைந்த படம். படையில் பணிபுரியும் பெண்களும் அங்கு உண்டு. அவர்களுக்கும் இத்துன்பம் நேர்வதுண்டு. எழுதுவதன் எளிமை கருதி வீரரைக் கணவராக வைத்தே பேசுகிறோம்.

நோய் பழையது, பெயர்தான் புதிது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்களிடம் நெஞ்சுப் படபடப்பும் மூச்சடைப்பும் இருக்கக் கண்ட ஜேக்கப் ட கோஸ்டா என்னும் மருத்துவர், 1871இல் அதனை விரிவாக எழுதிவைத்தார். முதல் உலகப் போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி, என்ற சொல்லை மருத்துவ ஏட்டில் கையாண்டார். அதன்பின் வந்தது வியட்நாம் போர். அங்குச் சென்ற அமெரிக்க வீரர்களில் பெரும்பாலோருக்குப் பணிக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. அது முடிந்ததும் விமானம் ஏறி ஓரிரு நாள்களில் தம் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். முந்திய போர்களில் வீரர்கள் தோழர்களோடு கப்பலில் வாரக்கணக்கில் பேசியும் அழுதும் வந்தார்கள். அவ்வழி இவர்களுக்கு வாய்க்கவில்லை. போர் 1975இல் முடிந்தது. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்' என்பதைச் சேர்த்தது. ஆங்கில முதலெழுத்துகளால் பி.டி.எஸ்.டி. என்பர்.

எத்தனை பேருக்கு இந்நோய் வந்தது? 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் ஆணைப்படி நடந்த ஆய்வில், வியட்நாம் போர்க்களத்தில் பணிபுரிந்த ஆண்களில் 100க்கு ஏறத்தாழ 15 பேர் அப்போதும் இந்நோயோடு வாழ்ந்து வந்தனர் எனத் தெரிந்தது. 2006இல் அதே விவரங்களை மறுபடி ஆராய்ந்தவர்கள், அவ்வெண்ணிக்கையை 9 எனக் குறைத்தனர். குறைத்த கணக்கே சரியென்று கொண்டாலும், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலாகியும் போரைவிட்டு வெளியே வராதவர்கள் அத்தனை பேர். பின்னர் ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் நடந்த போர்கள் அடுத்த தலைமுறையை அதே வரிசையில் கொண்டுவந்து நிறுத்தின.

கொடுங்கனவு, சிறு ஓசைக்கும் திடுக்கிடல், எந்நேரமும் காவல் நிற்பது போன்ற விழிப்பு, நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் விலக்குதல், சட்டெனப் பொங்கும் சினம் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். இவற்றோடு உள்ளம் மரத்துப்போதலும் உண்டு. சினத்தை மனைவி ஒருவாறு புரிந்துகொள்கிறார். நோயின் வேகம் என்று தேற்றிக்கொள்கிறார். மரத்துப்போதல்தான் அவருக்குப் புரிவதில்லை. மகளின் பிறந்தநாளன்று கணவர் நாற்காலியில் அமர்ந்து எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்பு அற்றுப்போயிற்றோ, தம்மிடம் ஏதேனும் குறையோ என்று மனைவியின் உள்ளம் புழுங்குகிறது. கேட்கவும் அஞ்சுகிறார். கேட்டால் போரைப் பற்றிய பேச்சு வந்துவிடுமே!

ஆகவே அவர் கேளாதிருக்கக் கற்றுக்கொள்கிறார். கணவர் இரவில் அலறினால் தோளைத் தொட்டு எழுப்பலாகாது, கட்டிலின் கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். உணவகத்தில் வாயிலை நோக்கிய மூலை இருக்கை கிடைக்காவிடில் உண்ணாமலே திரும்புகிறார்கள். பின்னர் உணவகத்திற்குப் போவதே நின்றுவிடுகிறது. கடைக்கு மனைவி மட்டும் போகிறார். திருமணங்களுக்கு மனைவி மட்டும் போகிறார். பள்ளி விழாவிற்கும் அவரே. பிள்ளைகள் கதவை ஓசையின்றிச் சாத்தப் பழகிவிட்டனர். வீடு முழுவதும் ஒரு நோயாளியைச் சுற்றி நுனிக்காலில் நடக்கிறது.

இத்தகைய மனைவியை நாம் என்னென்று சொல்வோம்? பொறுமையின் வடிவம் என்போம். இப்பகுதியில் நாமே பன்முறை அப்படி எழுதியிருக்கிறோம். ஆனால் இந்நோயை ஆராய்ந்தோர் கண்டது நம்மைச் சற்றுத் தயங்க வைக்கிறது. அச்சம் எவ்வாறு வளர்கிறது என்று பாருங்கள். கூட்டமான கடைக்குள் நுழைந்ததும் கணவரின் நெஞ்சு படபடக்கிறது; உடனே வெளியேறுகிறார்; படபடப்பு அடங்குகிறது. அந்த ஆறுதலே அவருக்கு ஆசிரியராகிறது. 'வெளியே வந்தாய், பிழைத்தாய். ஆகவே உள்ளே ஆபத்து இருந்தது' என்று அது கற்பிக்கிறது. அங்கு ஆபத்தே இல்லை என்பதை அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவேயில்லை. அடுத்த முறை கடை வாயிலிலேயே படபடப்பு தொடங்கும். அதற்கடுத்த முறை கடைக்குப் போவோம் என்று நினைத்தாலே போதும். மனைவி தாமே கடைக்குப் போய்விடும்போது, கணவரை வெளியேற்றும் வேலையை அன்பே முன்னின்று செய்துவிடுகிறது.

முறிந்த கைக்கு மாவுக்கட்டு வேண்டும். கட்டியவரைக் குறை கூறுவார் இல்லை. உரிய காலத்தில் பிரிக்காவிட்டால் கை மடங்க மறுக்கும் என்பதும் உண்மையன்றோ? இதில் மனைவியின் குற்றம் யாதொன்றும் இல்லை என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். அவருக்கு வேறு வழியை எவரும் காட்டவில்லை. நெடுங்காலம் மருத்துவர் கணவரைத் தனியே அழைத்துப் பேசினார். மனைவி வெளியே காத்திருந்தார். 1979இல் அமெரிக்க அரசு, மருத்துவமனைகளுக்கு வெளியே, முன்னாள் வீரர்களுக்கென்று சிறு ஆலோசனை நிலையங்களைத் தொடங்கியது. அங்கே குடும்பத்தாருக்கும் இடம் உண்டாயிற்று. ஆயினும் கணவன் மனைவி இருவரையும் ஒரே அறையில் அமர்த்தி, இருவரின் உறவையே மருந்தாக ஆக்கும் முறை மெல்லத்தான் உருவாயிற்று. தொடக்க முயற்சிகள் எல்லாம் வெற்றி பெற்றன என்றும் சொல்ல இயலாது. வியட்நாம் வீரர்களுக்குத் தனிச் சிகிச்சை அளித்தபின் குடும்பச் சிகிச்சையையும் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 1999இல் வெளிவந்தது. சேர்த்ததனால் நோய் மேலும் தணிந்ததாக அதில் தெரியவில்லை.

கேண்டிஸ் மான்சன், ஸ்டெபனி பிரெட்மன் என்னும் இரு உளவியல் அறிஞர்கள் வேறுவிதமாகச் சிந்தித்தனர். நோய்க்கு ஒரு சிகிச்சை, இல்லறத்திற்கு ஒரு சிகிச்சை என்று பிரிக்காமல், இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டால் என்ன என்பது அவர்களது எண்ணம். அவ்வாறு அமைந்த முறையில் 15 அமர்வுகள் உண்டு. முதல் 2 அமர்வுகளில் இந்நோய் இன்னது, அது இல்லறத்தை இவ்வாறு அரிக்கிறது என்று இருவருக்கும் விளக்குகின்றனர். சினம் மூளும்போது சற்று விலகியிருந்து, குறித்த நேரத்தில் திரும்பி வந்து பேச்சைத் தொடரும் பழக்கத்தையும் கற்பிக்கின்றனர். திரும்பி வருவதுதான் இதில் முக்கியம். கதவைச் சாத்திக்கொண்டு போவதற்கு எவருக்கும் பயிற்சி தேவையில்லை! முதற்கட்ட வீட்டுப்பாடங்களில் ஒன்று மிக எளியது: ஒவ்வொரு நாளும் துணைவர் செய்யும் ஒரு நல்ல செயலைக் கண்டுபிடித்து, அதை அவரிடமே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எளியதென்று நாம் நினைக்கிறோம். பல்லாண்டுகளாக ஒருவர் முகத்தை ஒருவர் ஆபத்தை அளப்பதற்கு மட்டுமே பார்த்தவர்களுக்கு அஃது எத்தகைய வேலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்த 5 அமர்வுகளில், நோயின் காரணமாக இருவரும் கைவிட்டவற்றைப் பட்டியலிடுகின்றனர். உணவகம், கடைவீதி, உறவினர் வீடு, ஒரே கட்டிலில் உறங்குதல் என அது நீளும். எளியதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக, இருவரும் சேர்ந்தே திரும்பச் செல்கின்றனர். கடையில் படபடப்பு வந்தால் முன்னர் மனைவி என்ன செய்தார்? வண்டிச் சாவியை எடுத்தார். இப்போது அவர் கற்பது, சாவியை எடுக்காமல் அருகில் நின்று, "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அலை தணியும் வரை உடன் நிற்பது. முன்னர் காட்டிய அன்பிற்கு இது குறைந்ததன்று. செய்வதற்கோ பன்மடங்கு கடினமானது.

எஞ்சிய அமர்வுகள் எண்ணங்களைப் பற்றியவை. 'தோழன் மாண்டான், நான் பிழைத்தேன். அன்று நான் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்' என்பன போன்ற முட்கள் உள்ளத்தில் ஆழப் புதைந்திருக்கும். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவர் மன்னிப்பு அளித்த பின்னும் தம்மைத் தாமே மன்னிக்காத மனிதர்களை நம் குருக்களும் அறிவர். இங்கே கணவனும் மனைவியும் அந்த எண்ணத்தை நடுவில் வைத்து, அன்றைய நிலையில் அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, அவரால் இயன்றது என்ன என்று இருவருமாக ஆராய்கின்றனர். நம்பிக்கை, அதிகாரம், நெருக்கம் ஆகியவற்றில் இறுகிப்போன மற்ற எண்ணங்களுக்கும் இதே வழிதான். பலரும் அஞ்சும் ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். போர்க்களத்தில் கண்ட கோரங்களை ஒன்று விடாமல் மனைவியிடம் விவரிக்கும்படி இம்முறை கேட்பதில்லை. அந்நிகழ்ச்சி இன்று இவ்வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதே பேச்சு.

பயன் என்ன? பாஸ்டனிலும் டொரண்டோவிலும் 40 தம்பதியரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. அவர்கள் அனைவரும் படைவீரர் குடும்பத்தார் அல்லர். வேறு அதிர்ச்சிகளுக்கு ஆளானவர்களும் இருந்தனர். சிகிச்சை பெற்றோரிடம், காத்திருந்தோரைவிட நோயின் கடுமை ஏறக்குறைய 3 மடங்கு மிகுதியாகத் தணிந்தது. நோயுற்றோரின் இல்லற மனநிறைவும் உயர்ந்தது. துணைவர்களின் மனநலத்தைத் தனியே ஆராய்ந்தபோது, இரு பிரிவினருக்குமிடையே பொதுவாகப் பெரிய வேறுபாடு தென்படவில்லை. தொடக்கத்திலேயே மிகத் துயருற்றிருந்த துணைவர்களோ தேறினர். 40 என்பது சிறிய எண்ணிக்கை என்பதை மறப்பதற்கில்லை. பின்னர் இம்முறையை 8 அமர்வுகளாகச் சுருக்கி, வீட்டிலிருந்தவாறே திரைவழியாகப் பெறும் வகையிலும் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் துணையோடு ஆராய்ந்துள்ளனர். நகரத்திற்கு வண்டியோட்டிச் செல்வதே அச்சமாக இருப்பவருக்கு அஃது உதவி.

ஓர் எல்லை உண்டு. கடுமையான அடி உதை நிகழும் வீட்டில் இச்சிகிச்சையைத் தொடங்குவதில்லை. அங்கே முதற்பணி மனைவியையும் பிள்ளைகளையும் காப்பதே. நோயினால்தான் அடித்தார் என்பது விளக்கமாகலாம். அடியைப் பொறுத்துக்கொள்ளக் காரணமாகாது. குடும்பப் பெரியோர் சமாதானம் செய்துவைக்கும் அவசரத்தில் இதைக் கவனிக்கத் தவறுவதுண்டு. நாம் இதை ஒளிக்காமல் எழுதுவது அதனால்தான்.

நம் பங்குகளிலும் படையில் பணியாற்றித் திரும்பியவர்கள் உள்ளனர். அவர்களில் எவர் வீட்டிலேனும் சன்னல் இவ்வாறு சாத்தப்பட்டிருந்தால், மனநல மருத்துவரிடம் செல்வதில் வெட்கத்திற்கு இடமில்லை. அவ்வாறு செல்லும் நாளில் மனைவி வெளியே பெஞ்சில் அமர்ந்து மருந்துச் சீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். கணவரின் இசைவோடு தாமும் உள்ளே செல்லட்டும். மருத்துவர் "தூக்கம் வருகிறதா?" என்று கேட்பார், கணவர் "வருகிறது" என்பார். கால்மாட்டில் நின்று பாதத்தைத் தொட்டு எழுப்பும் இரவுகளைப் பற்றிச் சொல்ல, அவ்வறையில் மனைவியை விட்டால் வேறு எவர் இருக்கிறார்?