தோட்டத்துக் குருவியும் காமிராவும்



சித்தூரிலும் திருப்பதியிலும் நம்மவர் வாழும் வீடுகளில் ஒரு செம்பருத்தியோ முருங்கையோ இருந்துவிட்டால், தேன்சிட்டு தானே வந்து சேரும். கைப்பேசியிலேயே காமிரா வந்துவிட்ட இந்நாளில், அதனைப் படம் பிடிக்கும் ஆசை சிறுவரிடம் பெருகியிருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் குருவியைத் துரத்திச் சென்றால் படத்தில் விழுவது வெற்றுக் கிளையே.

குருவி வருமிடத்தை அமைத்துவிட்டுக் காத்திருப்பதே வழி. இரண்டு அங்குல ஆழமுள்ள மண்தட்டில் நீர் நிரப்பி நிழலில் வையுங்கள். நாள்தோறும் நீரை மாற்றுங்கள். அருகில் ஒரு காய்ந்த குச்சியை நட்டால், சின்னான் என்னும் கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும் நீரில் இறங்குமுன் அதில் அமர்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். படத்திற்குரிய கணம் அதுவே. காலை வெயில் உங்கள் முதுகுப்புறம் இருக்க, சன்னல் திரைக்குப் பின்னே அசையாது அமருங்கள். இங்கிலாந்தின் கீர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில், உட்குடைவான மாட்டுருவம் ஒன்று செய்து அதனுள் காமிராவுடன் ஒளிந்திருந்தனர்! நமக்குப் பழைய சேலை ஒன்று போதும்.

தமிழருள் இக்கலையில் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். பல பகுதிகளைத் தாமே இணைத்து அமைத்த காமிராவினால், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் இறுதிவரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காட்டு யானைக்குக் காட்டிய அக்கறையை ஊர்க் காக்கைக்கும் அணிலுக்கும் காட்டினார் என்பதே அவரிடம் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது.

இனி ஒன்றை அழுத்தியே சொல்ல வேண்டும். கூட்டைப் படம் பிடிக்க வேண்டா. பெண் தேன்சிட்டு சிலந்தி நூலும் நாரும் கொண்டு பைபோன்ற கூட்டைத் தொங்கவிட்டுப் பெரும்பாலும் இரண்டு முட்டையிடும். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். 'ஒரே ஒரு படம்' என்று நாம் இலையை விலக்கினால் தாய் எழுந்து ஓடும், திரும்பாமலும் போகலாம். மதில்மேல் நம்மையே பார்த்திருக்கும் காக்கைக்கு வழிகாட்டியவரும் ஆவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் கலைப்பதை 'வேட்டை' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்கியிருக்கிறது. பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவாராக. குஞ்சுகள் வெளிப்பட்டுத் தாமே கிளையில் அமரும் நாள் வரும். அன்று எவ்வளவு படம் வேண்டுமானாலும் தொலைவிலிருந்து எடுக்கலாம்.

எடுத்த படத்தின்கீழ் நாளும் நேரமும் பறவையின் பெயரும் எழுதி வையுங்கள். நம் பிள்ளைகளுக்குச் சிறு பறவை எல்லாமே 'பிச்சுக'வாகிவிட்டது. தெலுங்கில் அது சிட்டுக்குருவியின் பெயர். 'பிகிலிபிட்ட' நம் கொண்டைக்குருவி. 'பாலபிட்ட' நம் பனங்காடை. இரு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள்.

பனங்காடையைப் படமெடுக்க விரும்புவோருக்கு ஒரு சொல். கம்பியில் அமர்ந்திருக்கையில் அது மங்கிய பழுப்பாகவே தோன்றும். பூச்சியைக் கண்டு கீழே பாயும்போதுதான் சிறகின் நீலம் முழுதும் விரியும். அரைமணி நேரமானாலும் விரலைப் பொத்தானிலிருந்து எடுக்காதீர்கள்.