கிறுக்கன்னு சொல்லிட்டா வேலை முடிஞ்சுதா?

லீ பெர்ரி பற்றி எதைப் படித்தாலும் முதல் பத்தியிலேயே அந்தக் கதைகள் வந்துவிடும். டேப் மேல கஞ்சாப் புகையை ஊதினாராம். மரத்தடியில் மைக்கைப் புதைத்துவிட்டு மரத்தை அடித்து டிரம் சத்தம் எடுத்தாராம். சொந்த ஸ்டூடியோவைத் தானே கொளுத்தினாராம். படிக்க ஜாலியாத்தான் இருக்கு, மறுக்கலை. 2021 ஆகஸ்ட் 29 அன்று தன் 85வது வயதில் அவர் இறந்தபோது நான் படித்த அஞ்சலிகளிலும் இதே பல்லவிதான். கிறுக்கு மேதை, கிறுக்கு மேதை...

எனக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை. ஒருத்தரைக் கிறுக்கன்னு சொல்லிட்டா, அவர் என்ன வேலை செஞ்சார்னு பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிடுது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1936ல் ஜமைக்காவின் ஹனோவர் பகுதியில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தவர். கிங்ஸ்டனில் காக்ஸன் டாட் என்ற தயாரிப்பாளரிடம் எடுபிடியாக ஆரம்பித்து, பிறகு ஜோ கிப்ஸிடம் போய், ரெண்டு இடத்திலும் முறைத்துக்கொண்டு, 1968ல் தனிக்கடை போட்டார். ஜோ கிப்ஸோடு போட்ட சண்டையைப் பாட்டாகவே ஆக்கினார். 'பீப்பிள் ஃபன்னி பாய்'. அதில் நடுநடுவே ஒரு குழந்தை அழும். இன்னைக்கு சாம்பிளிங் என்று பெரிசாப் பேசுறோமே, அதே சமாச்சாரம்!

டப் என்றால் என்ன? ஜமைக்காவில் சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் அதே பாட்டைக் குரல் இல்லாமல் போடுவது வழக்கம். அதை வைத்துக்கொண்டு மிக்ஸிங் போர்டில் உட்கார்ந்தவர்கள் விளையாட ஆரம்பித்தார்கள். டிரம்மும் பேஸும் மட்டும் நிற்கும். கிடார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு எதிரொலியில் கரையும். பாடகரின் ஒரு சொல் எங்கிருந்தோ வந்து பாதியில் காணாமல் போகும். இதில் பெரிய ஆசான் கிங் டப்பி. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்த்தவர். 1973ல் வந்த 'பிளாக்போர்டு ஜங்கிள் டப்' டப்பியும் பெர்ரியும் சேர்ந்து செய்தது. பாட்டிலிருந்து எதையெல்லாம் உருவலாம்னு பார்ப்பவர் டப்பி. இன்னும் எதையெல்லாம் திணிக்கலாம்னு பார்ப்பவர் பெர்ரி. என் ஓட்டு ரெண்டாமவருக்கு.

அதே 1973ல் கிங்ஸ்டனின் வாஷிங்டன் கார்டன்ஸ் பகுதியில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு ஸ்டூடியோ கட்டினார். பெயர் பிளாக் ஆர்க். உள்ளே இருந்தது டியாக் கம்பெனியின் நாலு டிராக் டேப் மெஷின், கால் அங்குல டேப் ஓடுவது. ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ ஒன்று. சத்தத்தைத் தண்ணிக்குள்ள சுத்துற மாதிரி ஆக்கும் மியூட்ரான் பேசர் ஒன்று. அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் லண்டன் ஸ்டூடியோக்களில் 16 டிராக், 24 டிராக் என்று போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். நாலு டிராக்கும் நிரம்பியாச்சு, இன்னும் ஹார்மனி பாடணும், தாளக் கருவிகள் சேர்க்கணும். என்ன செய்வீங்க? இருக்கிறதை எல்லாம் கலந்து ஒரு டிராக்கிலோ ரெண்டிலோ இறக்கணும். காலியான இடத்தில் புதுசா ஏத்தணும். நிரம்பினால் மறுபடி இறக்கணும். ஒவ்வொரு தடவையும் டேப்பின் 'உஸ்ஸ்' சத்தம் ஏறும், கூர்மையான ஒலிகள் மழுங்கும். அதைவிட முக்கியம், எடுத்த முடிவை மாத்த முடியாது. டிரம் கொஞ்சம் அதிகமாயிடுச்சேன்னு மறுநாள் தோணினா ஒண்ணும் பண்ண முடியாது, அது ஏற்கெனவே கிடாரோட ஒட்டிப்போச்சு. கடைசியில் பாட்டு எப்படி ஒலிக்கணும்னு முதல் நாளே மனசுக்குள்ள கேட்டிருந்தால்தான் இப்படி வேலை செய்யவே முடியும். கிறுக்குத்தனத்துக்கு நேர் எதிரான குணம் இது. (மெஷினில் நாலு டிராக்தான், மிச்சம் எல்லாம் வேற்றுக்கிரகவாசிகள் கொடுத்தது என்று பெர்ரியே சொல்லிக்கொண்டு திரிந்தார். தன் பிம்பத்துக்குத் தானே எண்ணெய் ஊத்தினவர், அது வேற விஷயம்!)

இப்படி வந்தவைதான் 1976ல் மேக்ஸ் ரோமியோவின் 'வார் இன் எ பாபிலன்', 1977ல் ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', காங்கோஸின் 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்'. இவற்றில் விண்வெளியும் இல்லை, மந்திரமும் இல்லை. 1976 ஜூனில் ஜமைக்காவில் அவசரநிலை அறிவித்தார்கள். கட்சிக்காரர்களின் துப்பாக்கிச் சண்டை தெருவுக்கு வந்திருந்த காலம். போலீஸும் திருடனும் சேர்ந்து ஊரைப் பயமுறுத்துவதைப் பெண்குரல் மாதிரி ஒரு மெல்லிய குரலில் மர்வின் பாடுகிறார். ஆத்திரத்தை இவ்வளவு சாந்தமாப் பாட வைக்கலாம்னு யாருக்குத் தோணும்? லண்டனில் கிளாஷ் குழு 1977ல் தங்கள் முதல் ஆல்பத்திலேயே இந்தப் பாட்டைப் பாடியது. எனக்கு மர்வின் பாடினதுதான் ஒசத்தி.

கிறுக்கு மேதை கதையில் அடிபட்டுப் போகிற இன்னொரு கூட்டம் வாத்தியக்காரர்கள். காங்கோஸ் ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் போரிஸ் கார்டினர். கிடார் எர்னஸ்ட் ராங்லின், ஜாஸ் உலகத்திலும் பெயர் வாங்கியவர். அந்த பேஸ் இல்லாமல் பெர்ரியின் எக்கோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மந்திரவாதி ஒருத்தர்தான் எல்லாம் செஞ்சார்னு எழுதுவது இவர்களுக்குச் செய்கிற துரோகம்.

இதே பட்டம் பெர்ரியைக் கேள்வியிலிருந்தும் காப்பாத்திடுது. 1970, 71ல் பாப் மார்லியின் வெய்லர்ஸை வைத்து அவர் எடுத்த பாட்டுகள் இங்கிலாந்தில் விற்றன. பணம் தங்களுக்கு வந்து சேரலை என்பது அவர்களின் தீராத மனக்குறை. மேக்ஸ் ரோமியோவும் அந்த அருமையான ஆல்பத்துக்கு அப்புறம் பெர்ரியை விட்டு விலகினார். 'அவர் அப்படித்தான், மேதை' என்று சிரித்துக் கடந்துவிடுகிறோம். ஒரு கணக்குப்பிள்ளை இதைச் செய்தால் சிரிப்போமா?

ஸ்டூடியோ அழிந்த கதைக்கு வருவோம். ஐலண்ட் கம்பெனி காங்கோஸ் ஆல்பத்தை வெளியிடவில்லை. 1978ல் பெர்ரி தானே பாடிய 'ரோஸ்ட் ஃபிஷ்' ஆல்பத்தையும் வேண்டாம் என்றது. பணம் கேட்டு மிரட்டுகிறவர்கள் வாசலில். குடும்பமும் கலைந்துகொண்டிருந்தது. ராத்திரி பகலா உழைச்ச மனுஷன் உடைஞ்சு போனார். சுவரெல்லாம் கிறுக்க ஆரம்பித்தார். பிறகு ஸ்டூடியோ தீயில் போனது. தானே வைத்ததாக அவர் சொன்னார். மின்கசிவு என்று சொன்னவர்களும் உண்டு. எதுவாயிருந்தாலும், நொந்துபோன ஒரு ஆளின் கதை அது. அதை வேடிக்கைக் கதையாச் சொல்ல எனக்கு மனசு வரலை.

அப்புறம் சுவிட்சர்லாந்தில் குடியேறி, ஏகப்பட்ட ஆல்பம் போட்டார். 2003ல் கிராமி கூடக் கிடைத்தது. முக்கால்வாசி சுமார்தான். ஏட்ரியன் ஷெர்வுட்டோடு செய்த 1987, 2019 ஆல்பங்களைத் தவிர நான் திரும்பக் கேட்பதில்லை.

'வார் இன் எ பாபிலன்'ல 'சேஸ் தி டெவில்' என்று ஒரு பாட்டு. முதலில் அதைக் கேளுங்க. உடனே அதே 1976ல் வந்த பெர்ரியின் 'சூப்பர் ஏப்' ஆல்பத்தில் 'குரோக்கிங் லிசர்ட்' போடுங்க. அடியில் ஓடுவது அதே பாட்டுதான், மேலே பேசுகிறவர் பிரின்ஸ் ஜாஸ்போ. எதை விட்டு வைத்திருக்கிறார், எதைக் குழைத்திருக்கிறார்னு ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க. போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், பேஸ் வரவே வராது. ஒரு சுமாரான ஹெட்போன் போதும்.