தோசைக்கல்லும் துப்பாக்கியும்

தமிழ் சினிமாவில் வில்லனின் அடியாள் யாரையாவது தூரத்திலிருந்து தீர்த்துக்கட்டப் போகிறான் என்றால், அதற்கு முந்தைய காட்சியில் ரைஃபிளைத் துடைத்துக்கொண்டிருப்பான். மஞ்சள் துணி, மேஜை விளக்கு, பின்னணியில் வயலின். வெளியேதான் துடைப்பான். அதனால் குறிக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. கேமராவுக்கு நல்லது, அவ்வளவுதான். குறி தப்புவதும் தப்பாததும் குழலுக்கு உள்ளே இருக்கிற சமாசாரம்.

உள்ளே என்ன இருக்கிறது? நட்டுக்குள் மரை ஓடுகிற மாதிரி, குழலின் உட்சுவரில் நீளமான பள்ளங்கள் சுற்றிச் சுற்றிப் போகும். குண்டு அவற்றில் சிக்கி, திருகிக்கொண்டே வெளியே வரும். பம்பரம் சுற்றுகிறவரை சாயாது இல்லையா, அதே தத்துவம்தான். நம் ராணுவமும் போலீசும் பல வருஷம் சுமந்த .303 லீ-என்ஃபீல்டில் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு வெளியேறும் வேகம் விநாடிக்கு சுமார் 744 மீட்டர். கணக்குப் போட்டால் விநாடிக்கு 2,900 சுற்றுக்கு மேல் வருகிறது. உங்கள் ஆபீஸ் சீலிங் ஃபேனை ஐந்தாம் நம்பரில் வைத்தாலும் ஐந்தாறு சுற்று தேறினால் அதிகம்.

இப்படிப் பேய்ச் சுற்று சுற்றுகிற ஒரு வஸ்துவுக்கு, அது கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் ரொம்ப முக்கியம். அதாவது, குழலின் வாய். விளிம்பு நசுங்கின டம்ளரிலிருந்து காப்பி ஆற்றிப் பாருங்கள். டபராவில் பாதி, வேட்டியில் பாதி. குழல்வாயில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், குண்டைத் தள்ளி வருகிற வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு பாயும். குண்டின் முதுகில் கோணலாக ஒரு தள்ளு விழும். அப்புறம் நீங்கள் மூச்சை எவ்வளவு நேரம் பிடித்தாலும் பிரயோஜனமில்லை.

வாயைத் தேய்ப்பது யார்? குண்டு என்றுதான் நினைப்போம். ஒரு ரிடையர்டு ஹவில்தாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "தம்பி, சுட்டுக் கெடுத்தவனைவிடத் துடைச்சுக் கெடுத்தவன்தான் ஜாஸ்தி!"

காலேஜில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு 'புல் த்ரூ' ஞாபகம் இருக்கும். கயிற்றின் ஒரு நுனியில் பித்தளை எடை, மறுபக்கம் துணி மாட்ட வளையம். எடையைப் பின்பக்கம் போட்டு முன்பக்கம் இழுக்க வேண்டும். துணிக்குப் பெயர் 'சிந்தி' (மொழி அல்ல, கந்தல்). துடைக்க 4-க்கு 2 அங்குலம், எண்ணெய் பூச 4-க்கு 1½ அங்குலம் என்று அதற்கும் சட்டம் உண்டு. நேராக இழுத்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பரேடு முடிந்து பூரி மசால் காத்திருக்கும்போது எவன் நேராக இழுப்பான்? சாய்த்து, ஒரே பக்கமாக, சரக்கென்று இழுப்பான். கயிற்றில் மண் வேறு ஒட்டியிருக்கும்.

கிராமத்துக் கிணற்று விளிம்பில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லுக்கே அந்தக் கதி. குழல்வாயிலும் அதேதான் நடக்கும். பழைய லீ-என்ஃபீல்டு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது இந்தக் கயிற்றுத் தடத்தைத்தான். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் தூக்கிக்கொண்டு போன எம்-1 காரண்டில் இன்னொரு விதமான தொந்தரவு. அதில் பின்பக்கமாகக் கம்பி விட வழி கிடையாது. முன்வாய் வழியாகத்தான் இரும்புக் கம்பியை விட வேண்டும். பல துப்பாக்கிகளில் வாய் தேய்ந்து அகன்றுபோனது.

"அப்படியானால் துடைக்கவே வேண்டாமே" என்பீர்கள். அவசரப்படாதீர்கள். அந்தக் காலத்தில் துடைக்காமல் விட்டால் குழல் போச்சு. தோட்டாவின் பின்னால் ஊசி தட்டுகிற இடத்தில் பொட்டாசியம் குளோரேட் வைத்திருப்பார்கள். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படியும். நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும். எண்ணெய் தடவினாலும் போகாது. உப்பு எண்ணெயில் கரையாது என்று உங்கள் வீட்டு சமையலறையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் வெள்ளைக்காரச் சிப்பாய் குழலுக்குள் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கழுவினான். அப்புறம்தான் எண்ணெய்.

அதற்கும் முன்னால், கரிமருந்துக் காலத்தில், குழலுக்குள் கரி அப்பிக்கொள்ளும். குண்டை முன்வாய் வழியாக இடித்துத்தான் இறக்க வேண்டும். சுலபமாக இறங்கவும் கரி இளகவும் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவினார்கள். அது என்ன கொழுப்பு என்று 1857-ல் எழுந்த சந்தேகம் எங்கே போய் முடிந்தது என்று எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும்.

இன்றைய .22 தோட்டாவில் அந்த உப்பு இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த .22 ஒரு தனி ரகம். குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். ஒவ்வொரு குண்டும் போகும்போது மெழுகு, ஈயம், புகைக்கரி மூன்றையும் மெல்லிசாகக் குழலில் தடவிவிட்டுப் போகும். அடுத்த குண்டு அதன்மேல் வழுக்கிப் போகும். நன்றாகப் பழகின தோசைக்கல் மாதிரி. அந்தக் கல்லை யாராவது அக்கறையாக சோப்புப் போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவினால் என்ன ஆகும்? முதல் நாலு தோசை பிய்ந்துகொண்டுதான் வரும். குழலும் அப்படித்தான். பளபளவென்று தேய்த்தபின் முதல் சில குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகும். பழையபடி மெழுகு பிடித்தபிறகுதான் ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். சில குழலுக்கு ஐந்து குண்டு போதும், சிலதுக்கு இருபதுகூட ஆகும். மெழுகு மாறினாலும் இதே கதைதான். வேறு கம்பெனி தோட்டா போட்டால் மறுபடி பழக்க வேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, 50 மீட்டர் ரைஃபிள், அதில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். குண்டின் தடிமன் கிட்டத்தட்ட 5.6. இந்த இடுக்கில்தான் பதக்கம். அங்கே ஆட்டம் தொடங்குமுன் மார்க் எண்ணாத குண்டுகள் சுட்டுப் பார்க்க அனுமதி உண்டு. காற்றைப் பார்க்கலாம், குழலையும் பழக்கலாம்.

நான் சொல்ல வந்தது ஒலிம்பிக் பற்றி அல்ல. நம் ஊர்ப் பையன் பற்றி. என்.சி.சி. ஃபயரிங்கில் ஒருத்தனுக்கு ஐந்து குண்டு கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் நாள் ராத்திரி இன்ஸ்பெக்‌ஷனுக்காக ரைஃபிளைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி வைத்தாயிற்று. காலையில் வரிசையில் முதலாவதாகப் படுக்கிறவனின் முதல் குண்டு எண்ணெயில் வழுக்கி எங்கேயோ போகும். மற்ற நாலும் வெறும் இரும்பில். ஐந்து ஓட்டைக்கும் நடுவே ஸ்கேல் வைத்து அளந்து, "கண்ணை டெஸ்ட் பண்ணிக்கோடா" என்பார்கள். அதே ரைஃபிளில் நாலாவதாகப் படுத்தவன் சூரப்புலி! முதல் பையன் தன் கை நடுங்குகிறது, தனக்கு வராது என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவான். தோசை பிய்ந்ததற்கு மாவைத் திட்டுகிற கதை.

இதற்குப் பரிகாரம் சுலபம். சுடுமுன் குழலைக் காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்து எண்ணெயை எடுத்துவிட வேண்டும். பையனைப் படுக்க வைக்குமுன் வாத்தியாரே சில குண்டு சுட்டுப் பழக்கிக் கொடுக்கலாம். துடைப்பதைப் பின்பக்கமிருந்து, நேராக, நிதானமாகச் செய்ய வேண்டும். துடைக்காமலே விடுவதும் ஆபத்து: .22-ல் மருந்து எரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் கரி வளையமாக இறுகிவிடும். பெரிய ரைஃபிளில் குண்டின் செம்பு உறை பள்ளங்களில் அப்பி, குறி கொஞ்சம் கொஞ்சமாக அகலும். எத்தனை குண்டுக்கு ஒருமுறை, எப்படித் துடைத்தோம், அதற்கப்புறம் எத்தனை குண்டில் சரியாயிற்று என்று ஒரு நோட்டில் எழுதி வைத்து அதன்படியே நடந்தால் குழலும் சொன்னபடி கேட்கும்.

பையன் ஐந்தையும் சிதறவிட்டால் உடனே கண் டாக்டரிடம் அனுப்பாதீர்கள். வேறு ரைஃபிளில் ஐந்து கொடுங்கள். அப்புறம் பழைய ரைஃபிளின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடி யாருக்கு வேண்டும் என்று தெரிந்துவிடும்.